அரங்கிற் சிரிப்பும் அவையிற் சிறுமையும்

கிரேக்க நாட்டின் கிழக்கே ஈஜியன் கடலில் பாரோஸ் என்றொரு சிறு தீவு உண்டு. சிலை வடிப்பதற்கேற்ற வெண்சலவைக் கல்லாற் பண்டுதொட்டே பெயர் பெற்ற தீவு அது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அங்கே ஆர்க்கிலோக்கஸ் என்னும் புலவர் வாழ்ந்தார். லைக்காம்பிஸ் என்பார் தம் மகள் நியோபுலியை அவருக்கு மணஞ்செய்து தருவதாக வாக்களித்தார். பின்னர் அவ்வாக்கினின்றும் மாறினார். புலவர் வாளை எடுக்கவில்லை, வசைப்பாவை எடுத்தார். நியோபுலியையும் அவள் தங்கையையும் அவர்தம் உடலையும் ஒழுக்கத்தையும் ஊரார் நகைக்கும்படி இழித்துப் பாடினார். ஊர் நகைத்தது. தந்தையும் மகளிரும் நாணந் தாங்காது தூக்கிட்டு மாண்டனர் என்பது கிரேக்கர் வழிவழியாகச் சொல்லிவந்த கதை.

இக்கதையை வரலாற்றறிஞர் பலர் அப்படியே ஏற்பதில்லை. நியோபுலி என்பது வசைப்பா மரபில் வழங்கிய கற்பனைப் பெயராகவும் இருக்கலாம் என்பர் சிலர். ஆயினும் எகிப்து நாட்டிலிருந்து பெறப்பட்டு, ஜெர்மனியின் கொலோன் நகரிற் பேணப்படும் பப்பைரசுத் துண்டொன்று 1974 ஆம் ஆண்டு அச்சேறியபோது, ஆர்க்கிலோக்கஸ் பாடிய பாடற் பகுதியொன்று உலகுக்கு மீண்டுங் கிடைத்தது. நியோபுலியை முதிர்ந்து உதிர்ந்த மலரென இகழ்ந்துகொண்டே, வேறோர் இளம்பெண்ணை வயப்படுத்தும் ஆடவன் ஒருவனின் கூற்று அது. கதை மெய்யோ பொய்யோ, வசைப்பா மெய்.

மகளிர் இறந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பின்னே வந்த தியோஸ்கோரிதிஸ் என்னும் புலவர், அச்சகோதரியர் கல்லறையிலிருந்து பேசுவதாக ஒரு சிறு பாடல் செய்தார். வீதியிலோ ஹீரா தேவியின் கோயிலிலோ ஆர்க்கிலோக்கஸைத் தாம் கண்டதே இல்லை என்று அவர்கள் அதில் ஆணையிடுகின்றனர். தாம் ஒழுக்கங் கெட்டவராயின், தம் வழியே முறையான மக்களைப் பெற அவர் விரும்பியிருப்பாரா என்றும் வினவுகின்றனர். நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதுவும் வேறொரு புலவரின் நாவினாலேயே, எள்ளப்பட்டவர் மறுமொழி கூற முடிந்தது. காமத்தைக் கருவியாகக் கொண்டு பிறரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவையின் இயல்பு முழுவதும் இக்கதையிலே அடங்கியுள்ளது எனலாம். ஆனால் அது பெருகி வளர்ந்த இடம் பாரோஸ் அன்று, ஏதென்ஸ்.

கி.மு. 486 ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரம் தன் தியோனிசஸ் பெருவிழாவில் இன்பியல் நாடகத்தையும் அரசுப் போட்டியாக ஏற்றுக்கொண்டது. செல்வந்தர் ஒருவர் பாடற் குழுவினர் இருபத்துநால்வருக்கும் உடையும் உணவும் பயிற்சியும் தம் பொருளால் அளிக்கவேண்டும். அக்குரோப்பொலிஸ் குன்றின் தென்சரிவில் அமைந்த அரங்கில் மக்கள் கூடுவர். நடிகர் அனைவரும் ஆடவரே. முகமூடி அணிந்து, வயிறும் பிட்டமும் பருத்துத் தோன்றப் பஞ்சு திணித்து, ஆண்வேடத்தாராயின் தோலாற் செய்த ஆண்குறி ஒன்றையும் இடையிலே தொங்கவிட்டு அவர்கள் அரங்கேறினர். இன்பியல் நாடகமே இலிங்க ஊர்வலப் பாடல்களிலிருந்து பிறந்ததென்று அரிஸ்தோத்தில் கூறுகின்றார். பயிரும் கொடியும் செழிக்கவேண்டி எழுந்த வழிபாட்டின் எச்சம் அது. எனவே அவ்வரங்கில் இடக்கர்ச் சொல் ஒலித்தமையை மட்டுங் கொண்டு ஏதென்ஸ் மக்களை நாணமற்றவர் என்று தீர்ப்பளிப்பது பொருந்தாது. அவர்களுக்கு அது விழா.

அவ்வகைச் சிரிப்புக்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. மகளை இழந்த திமித்தர் தேவி உண்ணாது, பருகாது, பேசாது துயரில் அமர்ந்திருந்தபோது, இயாம்பி என்னும் பணிப்பெண் கேலி மொழிகளைச் சொல்லி அத்தேவியை முதலிற் புன்னகைக்கவும் பின்னர் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள் என்பது புராணம். அதை நினைந்து, திமித்தரின் விழாக்களிற் பெண்கள் தமக்குள் மறைபொருள்களை வெளிப்படையாகப் பேசி நகைத்தனர். ஆடவர் அங்கே இலர். நகைத்தவரும் நகைக்கப்பட்டவரும் ஒருவரே. துயரால் உறைந்த நெஞ்சை இளக்குவதற்கு உடலைப் பற்றிய சிரிப்பு உதவியது என்பதைக் கிரேக்கப் பெண்கள் அறிந்திருந்தனர். அறநூலார் பலர் இந்த ஒரு செய்தியை மறந்தே எழுதிவிட்டனர்.

அரங்கிலும் இதற்கு நிகரானதொன்று உண்டு. சிசிலித் தீவின்மேற் சென்ற ஏதென்ஸ் படை கி.மு. 413 இல் அழிந்தது. ஈராண்டின் பின், கி.மு. 411 இல், அரிஸ்தோபனிஸ் ‘லிசிஸ்திராத்தா’ என்னும் நாடகத்தை மேடையேற்றினார். போரை நிறுத்தும்வரை கணவரோடு கூடுவதில்லை எனக் கிரேக்கப் பெண்கள் யாவரும் சூளுரைக்கின்றனர். ஏதென்ஸ் வீரரும் ஸ்பார்த்தா வீரரும் அடக்கமாட்டாத வேட்கையோடு தள்ளாடி வருகின்றனர். நாணத்துக்குரிய காட்சிதான், ஆயினும் அங்கே எவர் இழிவடைகின்றார்? பகைவரும் நம்மவரும், முதியவரும் இளையவரும் ஒரே நிலையிலே நிற்கின்றனர். பிள்ளைகளைப் போருக்கு இழந்த நகரம் தன் உடலின் வலிமையின்மையைக் கண்டு தானே நகைத்தது. எனினும் அந்நாடகத்திலும் ஓரிடம் உறுத்துகின்றது. ‘சமாதானம்’ என்னும் பெயரில் ஆடையற்ற பெண்ணுருவம் ஒன்று மேடைக்குக் கொணரப்படுகின்றது. இருதிறத்துத் தூதுவரும் அவளுடலின் உறுப்புகளை நிலப்பரப்புகளாகப் பெயரிட்டுப் பங்கு கேட்கின்றனர். அவ்வுருவம் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இனி, கிளைஸ்தினிஸ் என்பவரைக் குறித்துச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். குடியாட்சிக்கு வித்திட்ட பழைய கிளைஸ்தினிஸ் அல்லர் இவர். அப்பெயரையே கொண்ட பிற்காலத்தவர். இவருக்குத் தாடி வளரவில்லை போலும். கி.மு. 425 இல் அரிஸ்தோபனிஸ் தம் ‘அக்கார்ணியர்’ நாடகத்தில் இவரைப் பாரசீகத் தூதோடு வந்த அலியின் வேடத்திற் காட்டினார். கி.மு. 423 இல் ‘மேகங்கள்’ நாடகத்தில், மேகங்கள் பெண்ணுருக் கொண்டமைக்குக் காரணம் கிளைஸ்தினிஸைக் கண்டமையே எனப்பட்டது. ‘பறவைகள்’ நாடகத்தில் அவர் கையில் நெசவு நாடா கொடுக்கப்பட்டது. ‘லிசிஸ்திராத்தா’விலும் அவர் பெயர் ஒலித்தது. கி.மு. 405 இல், தோல்வியின் விளிம்பில் நகரம் நின்ற வேளையிலும், ‘தவளைகள்’ நாடகத்தில் அவரை இழிகாமத்தோடு இணைத்த கேலி தொடர்ந்தது. இருபது ஆண்டுகள்! நாடகம் பார்க்கச் சென்ற சிறுவன் தந்தையாகித் தன் மகனை அழைத்துச் செல்லுங் காலம் வரை ஒருவரின் முகத்தில் மயிர் இல்லாமை நகரத்துக்கு நகைப்பாயிருந்தது.

‘தெஸ்மோபோரியா விழாவிற் பெண்கள்’ என்னும் நாடகத்திலோ அவரே ஒரு பாத்திரமாக, பெண்களின் தோழராக, மேடையில் தோன்றுகின்றார். அந்நாடகமும் கி.மு. 411 ஆம் ஆண்டினதே. அதில் யூரிப்பிடிஸ் என்னும் துன்பியற் புலவரின் முதிய உறவினர் ஒருவருக்கு முகம் மழிக்கப்படுகின்றது, கீழுடல் தீயினாற் பொசுக்கப்படுகின்றது, பெண்ணுடை அணிவிக்கப்படுகின்றது, பின்னர் அவ்வுடையைக் களைந்து அவர் ஆணா பெண்ணா எனச் சோதிக்கப்படுகின்றார். அவர் அணிந்த பெண்ணுடை அகத்தோன் என்னும் மற்றொரு புலவரின் வீட்டினின்றும் பெறப்பட்டது. அகத்தோனும் அங்கே பெண்தன்மையர் என்று நெடுநேரம் பழிக்கப்படுகின்றார். ஆனால் அகத்தோனுக்கு வேறு சாட்சிகள் உண்டு. கி.மு. 416 இல் அவர் பெற்ற வெற்றியைக் கொண்டாடிய விருந்தையே பிளேட்டோ தம் ‘விருந்து’ என்னும் நூலிற் பாடினார் என்று சொல்லத்தக்க அழகோடு வரைந்துள்ளார். அவ்விருந்தில் அகத்தோனும் அரிஸ்தோபனிஸும் விடியும்வரை ஒரே கிண்ணத்தில் மது மாற்றி அருந்துகின்றனர். கிளைஸ்தினிஸுக்கோ அத்தகைய விருந்து வாய்க்கவில்லை. அவர் என்ன எண்ணினார், எவரை நேசித்தார் என்பவற்றுக்கு அவர் வாய்ச்சொல் எதுவும் எஞ்சவில்லை. கேலி மட்டும் எஞ்சியுள்ளது.

இக்கேலி ஏன் கடித்தது? ஏதென்ஸில் ஆண்மையும் குடியுரிமையும் ஒரே துணியின் இழைகள். போருக்குச் செல்பவன், பேரவையிற் பேசுபவன், வாக்களிப்பவன் ஆகிய மூவரும் ஆடவனே. ஒருவரைப் பெண் என்றால் அவரிடமிருந்து அம்மூன்றையும் பறித்ததாகும். பெண்ணாயிருத்தல் இழிவு என்னும் எண்ணம் முன்னரே கேட்போர் உள்ளத்தில் இல்லையெனின் அந்நகை எழவே மாட்டாது. ஆகவே ஒரு கிளைஸ்தினிஸை நோக்கி எறிந்த ஒவ்வொரு சொல்லும் அவரைக் கடந்து, வீட்டினுள்ளே நூல் நூற்றுக்கொண்டிருந்த அந்நகரத்துப் பெண்கள் அனைவர்மீதும் விழுந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனைப் புறக்கணிப்பது நேர்மையன்று. வலியோரை அடக்கக் குடியாட்சி கண்ட படைக்கலமே எள்ளல் என்பர் இன்பியல் நாடகத்தை ஆதரிப்போர். அக்காலத்திலேயே ஏதென்ஸ் ஆட்சிமுறையைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதிய பெயரறியா ஆசிரியரும், பொதுமக்கள் தம்மைக் கூட்டாக எள்ளுவதை விரும்பார், செல்வரையும் உயர்குடியினரையும் தனித்து எள்ளுவதையோ ஊக்குவிப்பர் என்று சிறிது கசப்புடனே குறித்துள்ளார். கி.மு. 424 இல் அரிஸ்தோபனிஸ் ‘வீரர்’ என்னும் நாடகத்திற் கிளியோன் என்னும் பெருந்தலைவரை முற்றாகக் கிழித்தெறிந்து முதற்பரிசு பெற்றார். அது துணிவு என்பதில் ஐயமில்லை. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் ‘பாபிலோனியர்’ என்னும் நாடகத்தின் பொருட்டுக் கிளியோன் அவர்மேற் குற்றஞ் சாட்டியிருந்தார். ஆனால் முதற்பரிசு பெற்ற அதே ஆண்டிற் கிளியோன் படைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் உடன்வைத்து நோக்கவேண்டும். வலியவர்மேல் எறிந்த கல் மாலையாக விழுந்தது. தாடியற்றவர்மேல் எறிந்த கல்லோ கல்லாகவே விழுந்தது.

ஏதென்ஸின் சட்டம் இவ்விடயத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. ஒருவரைக் கொலைஞர் என்றோ, தந்தையை அடித்தவர் என்றோ, போர்க்களத்திற் கேடயத்தை எறிந்து ஓடியவர் என்றோ பொய்யாகத் தூற்றினால் ஐந்நூறு திராக்மா தண்டம். தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி ஏறக்குறைய ஒரு திராக்மாவாக இருந்த காலம் அது. ஆயினும் கிளியோனிமஸ் என்பவரைக் கேடயம் எறிந்தவர் என்று அரங்கில் ஆண்டுதோறும் கூவினர். சந்தையிற் சொன்னாற் குற்றமானது விழாவிற் சொன்னாற் பரிசுக்குரியதாயிற்று. கி.மு. 440 ஐ ஒட்டி, அரங்கில் எள்ளுவதைக் கட்டுப்படுத்தும் ஆணையொன்று நிறைவேறியது. மூன்றாண்டளவில் அதுவும் நீக்கப்பட்டது. விழாவின் சிரிப்பு விழாவோடு முடிந்துவிடும், மறுநாட் காலையில் அவரவர் தத்தம் நிலையிலே மீண்டும் நிற்பர் என்பதே இந்த விலக்குக்கு அடிப்படை. அவ்வடிப்படை உறுதியானதா என்பதை அறிய அஸ்பாசியாவின் வாழ்வைக் காண்போம்.

அஸ்பாசியா மிலீத்தஸ் நகரத்தவர், ஏதென்ஸில் அயலார். தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயின் மட்டுமே பிள்ளைக்குக் குடியுரிமை என்ற சட்டத்தைக் கி.மு. 451 இற் கொணர்ந்தவர் பெரிக்கிளிஸ். அவரே பின்னர் அஸ்பாசியாவோடு வாழ்ந்தார். தாம் இயற்றிய சட்டத்தின்படி அவரை முறையான மனைவியாக்க அவருக்கு இயலவில்லை. நாடகப் புலவருக்கு இது போதாதா? கிராத்தினஸ் அவரை வெட்கமற்ற காமக்கிழத்தி என்றார். அரிஸ்தோபனிஸோ, பெலோப்பொனீசப் பெரும்போரே அஸ்பாசியாவின் இரு கணிகையர் கடத்தப்பட்டமையால் மூண்டது என்று ‘அக்கார்ணியர்’ நாடகத்தில் நகைச்சுவையாக வரைந்தார். பெரிக்கிளிஸ் அப்போது இறந்து நான்காண்டுகள் ஆகிவிட்டன. அஸ்பாசியாவுக்காகப் பேச ஒருவரும் இலர்.

நகைச்சுவையாகச் சொன்னது வரலாறாக மாறிய விந்தையை இங்கே காணலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின் புளூட்டார்க் பெரிக்கிளிஸின் வரலாற்றை எழுதப் புகுந்தபோது, அஸ்பாசியாவைப் பற்றி அவருக்குக் கிடைத்த சான்றுகளுட் பெரும்பகுதி இன்பியல் நாடகங்களே. ஹேர்மிப்பஸ் என்னும் நாடகப் புலவர் அஸ்பாசியாமேல் தெய்வ நிந்தனை வழக்குத் தொடுத்தார், பெரிக்கிளிஸுக்குக் குலமகளிரைக் கூட்டிக்கொடுத்தாரென்றும் குற்றஞ் சாட்டினார் என்று அவர் எழுதுகின்றார். அது நீதிமன்றத்தில் நிகழ்ந்ததன்று, நாடகத்தில் வந்த காட்சியே பிற்காலத்தில் வழக்காகக் கருதப்பட்டிருக்கலாம் என்று இன்றைய அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். ஆனால் இதே பெண்ணைத் தமக்குச் சொல்வன்மை கற்பித்த ஆசிரியர் என்று சோக்கிரதீஸ் கூறுவதாகப் பிளேட்டோ எழுதினார்; செனபோனும் அவரை மதிப்போடு குறித்தார். பாடநூல்களோ இந்நாள்வரை ‘கணிகை அஸ்பாசியா’ என்றே பெரும்பாலும் எழுதிவந்தன. கணிகையாயிருந்தாலும் அது இகழ்ச்சிக்குக் காரணமாகாது என்பது ஒருபுறமிருக்க, அதற்குச் சான்று எது என்று கேட்டவர் மிகச் சிலரே.

அவருக்கு ஒரு மகன் இருந்தான். தந்தையின் பெயரையே கொண்டவன். கொள்ளைநோயில் முறையான மைந்தர் இருவரையும் இழந்த பெரிக்கிளிஸின் வேண்டுகோளுக்கு இரங்கி, பேரவை அம்மகனுக்குக் குடியுரிமை அளித்தது. சட்டம் மன்னித்தது, அரங்கு மன்னிக்கவில்லை. யூப்பொலிஸ் என்னும் புலவர் தம் நாடகமொன்றிற் பெரிக்கிளிஸைக் கீழுலகிலிருந்து மீட்டு வரச்செய்கின்றார். என் மகன் உயிரோடிருக்கின்றானா என்று இறந்த தந்தை கேட்கின்றார். இருக்கின்றான், தாய் பரத்தை என்ற குறை மட்டும் இல்லையெனின் அவன் எப்போதோ தலைநிமிர்ந்த ஆண்மகனாகியிருப்பான் என்னும் பொருளில் மறுமொழி வருகின்றது. அவையோர் நகைத்திருப்பர். இளைய பெரிக்கிளிஸ் படைத்தலைவராகி, கி.மு. 406 இல் அர்ஜினூசே கடற்போரை வென்றவருள் ஒருவரானார். புயலில் மூழ்கியோரை மீட்கவில்லை என்று அத்தலைவர்கள்மேல் ஒருங்கே குற்றஞ்சாட்டி, முறைக்கு மாறாக ஒரே வாக்கெடுப்பில் அறுவருக்கு ஏதென்ஸ் மரணதண்டனை விதித்தது. அவ்வறுவருள் அவரும் ஒருவர். அவ்வாக்கெடுப்பு சட்டத்துக்கு ஒவ்வாதது என்று அன்று மறுத்து நின்றவர் சோக்கிரதீஸ்.

அந்தச் சோக்கிரதீஸும் அரங்கில் எள்ளப்பட்டவரே. ‘மேகங்கள்’ நாடகம் அரங்கேறியபோது அவர் தம் இருக்கையிலிருந்து எழுந்து நின்று, மேடையில் எள்ளப்படுபவர் எவர் என்று அயலூரார் கண்டுகொள்ள உதவினார் என்று ஈலியன் என்னும் பிற்கால ஆசிரியர் ஒரு கதை கூறுகின்றார். தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நான்கு நிலைக்களன் கூறினார் என்பதும், அவற்றுள் எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலோடு பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலையும் சேர்த்தார் என்பதும் நேயர் அறிந்தவை. சோக்கிரதீஸுக்கு அந்த இரண்டாவது நகை வாய்த்தது. உடலையும் கற்பையும் பற்றிய எள்ளலில் அது வாய்ப்பதரிது. அஸ்பாசியாவின் மகன் எழுந்து நின்று நகைத்திருக்க முடியுமா? எனினும் சோக்கிரதீஸும் தப்பவில்லை. கி.மு. 399 இல் நஞ்சுண்ணுமாறு தீர்ப்பளித்த மன்றத்தின் முன்னே, தம்மைப் பற்றிய பழைய அவதூறுகளுள் நாடகத்திற் கண்டதும் ஒன்று என அவர் கூறியதாகப் பிளேட்டோ எழுதிவைத்தார்.

ஆசிரியரை இழந்த பிளேட்டோ நகைச்சுவையை மன்னிக்காமை வியப்பன்று. தாமே சொல்லக் கூசும் கேலியை அரங்கிற் கேட்டு மகிழ்பவர், நாளடைவில் வீட்டிலும் கோமாளியாகின்றார் என்றார் அவர். குடிமக்களைப் பெயர் சுட்டி எள்ளும் புலவரை நாடு கடத்தவேண்டும், அன்றேல் தண்டம் விதிக்கவேண்டும் என்றும் தம் முதுமையில் எழுதினார். அரிஸ்தோத்தில் அவரினும் நிதானமானவர். நகைக்குரியது நோவும் அழிவும் பயவாத ஒரு குறை என்று அவர் வரையறுத்தார். நகைச்சுவையுணர்வே இல்லாத முரடரையும், சிரிப்புக்காக எதையும் சொல்லும் கோமாளியையும் ஒருங்கே விலக்கி, இடையில் நிற்கும் நயமுடையாரைப் போற்றினார். எள்ளலும் ஒருவகை வசையே. சில வசைகளைத் தடுக்கும் சட்டவாணர் சில எள்ளல்களையும் தடுத்திருக்கலாம் என்பது அவர் எழுப்பிய ஐயம். பழைய நாடகம் இடக்கரை வெளிப்படச் சொல்லி நகைவித்தது, புதிய நாடகம் குறிப்பால் நகைவிக்கின்றது, பின்னையதே நாகரிகம் என்றும் கூறினார். இடக்கரடக்கல் என்று தமிழ் இலக்கணம் கூறுவதற்கு அண்மையானதொரு கருத்து இது.

ஆனால் சொல் தூய்மையானதும் செயல் தூய்மையாகிவிட்டதா? கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மெனாந்தர் எழுதிய நாடகங்களில் இடக்கர்ச் சொற்கள் அருகிவிட்டன. விழாவிரவில் இளம்பெண்ணொருத்தி கெடுக்கப்படுதலோ கதைக்குரிய வழக்கமான வித்தாயிற்று. மெனாந்தர் பெருங்கவிஞர், தம் நாடகமொன்றிற் கணவன் தன் குற்றத்தையும் மனைவிமேற் சுமத்திய பழியையும் ஒப்புநோக்கித் தன்னையே நொந்துகொள்ளச் செய்தார். அவர் நாடகத்தைத் தழுவி உரோமையில் தெரன்ஸ் எழுதிய ‘அலி’ என்னும் நாடகமோ கி.மு. 161 இல் எண்ணாயிரம் செஸ்தர்ஸ் விலை பெற்றது. அதுவரை எந்த இன்பியல் நாடகமும் பெறாத விலை. அதில் அலிவேடமிட்டு வீட்டினுட் புகுந்த இளைஞன் ஒரு பெண்ணைக் கெடுக்கின்றான். அவள் அழுததைப் பிறர் சொல்லக் கேட்கின்றோம். அவளோ நாடகம் முழுவதும் வாய்திறப்பதில்லை. இறுதியில் அவனுக்கே அவள் மணமுடிக்கப்படுகின்றாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரிஸ்தோபனிஸை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோரும் பெரும்பாலும் இவ்வழியினரே: இடக்கர்ச் சொற்களைக் கவனமாக நீக்கினர், கிளைஸ்தினிஸை விட்டுவைத்தனர்.

அரங்கின் சிரிப்பு அவைக்குட் புகுந்து ஒருவரை வீழ்த்திய நிகழ்ச்சி அரிஸ்தோத்தில் உயிரோடிருந்த காலத்திலேயே நடந்தது. கி.மு. 346 இல் மக்கதோனிய மன்னன் பிலிப்போடு ஏதென்ஸ் சமாதானஞ் செய்துகொண்டது. தூது சென்ற ஐஸ்கினிஸ் கையூட்டுப் பெற்றார் என்று தெமோஸ்தனிஸும் திமார்க்கஸ் என்பவரும் வழக்குத் தொடுக்க முனைந்தனர். ஐஸ்கினிஸ் முந்திக்கொண்டார். உடலை விற்ற குடிமகன் பேரவையிற் பேசலாகாது என்றொரு சட்டம் இருந்தது. இளமையில் திமார்க்கஸ் அவ்வாறு ஒழுகினார் என்று அவர் எதிர்வழக்கு இட்டார். பணம் பெற்றார் என்பதற்கு நேர்ச்சான்று எதுவும் காட்டப்படவில்லை. அதற்கு ஈடாக ஐஸ்கினிஸ் எதைக் காட்டினார்? சிரிப்பைக் காட்டினார்.

கொல்லித்தஸ் என்னும் ஊர்ப்பகுதியில் நடந்த விழாவில் நாடகக் குழுவினர் பரத்தைமை பற்றிய ஒரு வரியில் திமார்க்கஸின் பெயரை இணைத்ததும், கேட்டோர் அனைவரும் அவரையே எண்ணினராம். அஃது ஒரு சான்று. மற்றொன்று பேரவையில் நிகழ்ந்தது. பினிக்ஸ் குன்றின் குடியிருப்புகளைப் பற்றித் திமார்க்கஸ் கொணர்ந்த யோசனைக்கு விடைகூற, அரியோப்பாகஸ் மன்றின் மூத்தவரான ஔதோலிக்கஸ் எழுந்தார். அந்த ஆளரவமற்ற இடம் எங்களைவிடத் திமார்க்கஸுக்கே நன்கு பழக்கமானது என்று அவர் சூதின்றிச் சொன்னார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சுவர், கிணறு என்று அவர் மேலும் கூறக் கூற ஒவ்வொரு சொல்லும் இரட்டைப் பொருள் பெற்றது. பெரியோர் முன்னிலையிற் சிரிக்க நாணமில்லையா என்று ஒருவர் கண்டித்தபோது, நாணமுண்டு, ஆயினும் உண்மை அதனை வென்றுவிடுகின்றது என்று மக்கள் விடையிறுத்தனராம். இச்சிரிப்பையே மக்களின் சாட்சியம் என்று ஐஸ்கினிஸ் நீதிபதிகள்முன் எடுத்துரைத்தார். ஊர்வாய் ஒரு தெய்வம் என்றார். திமார்க்கஸ் குடியுரிமை இழந்தார். அவர் குற்றமுடையவரா என்பதை இன்று எவரும் அறுதியிட இயலாது. அறியக்கூடியது ஒன்றே: கையூட்டைப் பற்றிய வினா அன்று கேட்கப்படவில்லை.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. கி.மு. 330 இல், முடி வழங்குதல் பற்றிய பெருவழக்கில், தெமோஸ்தனிஸும் ஐஸ்கினிஸும் மீண்டும் எதிர்நின்றனர். இம்முறை அந்தப் படைக்கலம் தெமோஸ்தனிஸின் கையில் இருந்தது. அவர் ஐஸ்கினிஸை விட்டு அவர் அன்னை குளோக்கோத்தியாவைப் பற்றினார். பட்டப்பகலிற் குடிசையொன்றில் உடலை விற்றவள் என்று நாடகப் புலவரின் தொனியிலே எள்ளினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே தெமோஸ்தனிஸ் அவ்வம்மையைச் சிறு வழிபாட்டுக் குழுவின் பூசாரி என்றுதான் இகழ்ந்திருந்தார். இடையிற் புதிய சான்று எதுவும் தோன்றவில்லை. ஐஸ்கினிஸ் ஐந்திலொரு பங்கு வாக்கும் பெறாது தோற்று, ஏதென்ஸை நீங்கிச் சென்றார்.

குளோக்கோத்தியாவைப் பற்றி வேறு செய்தி ஒன்று உண்டு. கி.மு. 343 இல் தம்மேல் வந்த வழக்கில் உயிருக்காக வாதாடிய ஐஸ்கினிஸ், தம் அன்னையின் முகம் அவ்வேளையிலும் தம் கண்முன் தோன்றுகின்றதென்று நீதிபதிகளிடம் கூறினார். மகனுக்கு என்ன நேருமோ என்று கலங்கிய முகம் அது. முப்பதின்மர் கொடுங்கோலோச்சிய காலத்திற் கணவரோடு கொரிந்து நகருக்கு ஓடி, நாட்டின் துன்பத்திற் பங்குகொண்ட குடிமகள் தம் அன்னை என்றார் அவர்.